அரிசிப் பானைக்குள் ஒரு சோப்பு

எங்கள் ஆச்சி கடைசிவரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. தாத்தாவின் பெயர் ஆறுமுகம். அதனால் ஆச்சியின் கணக்கில் ஆறு என்ற எண்ணே கிடையாது. பால்காரரிடம் கணக்குப் பார்க்கும்போது ஆறு குறுக்கிட்டால் ‘அஞ்சும் ஒண்ணும்’ என்பாள். தாமிரபரணிக்குக் குளிக்கப் போகும்போதுகூட ஆற்றுக்குப் போகிறேன் என்று சொல்ல மாட்டாள், ‘துறைக்குப் போயிட்டு வாரேன்’ என்பாள். நாங்கள் பேரப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, முருகனுக்கு எத்தனை முகம் என்று கேட்டு அவளைப் படாதபாடு படுத்துவோம். அந்தப் பாவம்தான் எனக்கு இருபத்து நாலு வயதில் பலித்தது.

1988இல் ஒரு சோப்புக் கம்பெனியில் ரெப்பாகச் சேர்ந்தேன். முதல் நாளே கழுத்தில் டை கட்டிவிட்டார்கள். திருநெல்வேலி வெயிலில் அது தாலியைவிடக் கனம். கட்டியவுடன் வந்த முதல் புத்திமதி, எதிர்க்கம்பெனியின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது. ‘அவங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். “அவங்க டஜனுக்கு ஒண்ணு ஃப்ரீ விட்டிருக்காங்க சார்”, “கடையில அவங்களை முன்வரிசையில வச்சிருக்காங்க சார்.” புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் விவரம் தெரியாமல் “எவங்க சார்?” என்று கேட்டுவிட்டான். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பெயர் எனக்கு இன்றுவரை வாயில் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் அது இருக்காது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதுரையில் ஒரு லாட்ஜ் ஹாலில் மீட்டிங். டார்கெட், வசூல், திரும்பி வந்த சரக்கு எல்லாம் முடிந்ததும் மேனேஜர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினால் கர்ணன் வரப்போகிறான் என்று அர்த்தம். அவருக்கு மகாபாரதம் என்றால் 1964இல் வந்த சிவாஜி படம். செஞ்சோற்றுக் கடன் என்று தொடங்கும்போதே குரல் தழுதழுக்கும். “கர்ணன் கட்சி மாறினானா? மாறலை! உங்க வீட்டுல மட்டும் அவங்க சோப்பு எப்படிய்யா இருக்கு?” என்று முடிப்பார்.

பின்வரிசையில் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டையே கொடுத்தான். கம்பெனி எனக்குக் கொடுத்தது மாதம் 1,100 ரூபாய், அதோடு ஜங்ஷன், மேலப்பாளையம், பாளையங்கோட்டை, வியாழக்கிழமை தோறும் அம்பாசமுத்திரம் ஆகிய நாடுகள். சரி, அதை விடுங்கள். உயிரைக் கொடு என்றுதான் துரியோதனன் எதிர்பார்த்தானே தவிர, அங்க நாட்டுச் சோப்பைத்தான் தேய்க்க வேண்டும் என்று அவன் சொன்னதாக எந்தப் பாரதத்திலும் இல்லை. அதுமட்டுமா? மனைவியும் கர்ணனும் தனித்திருந்த அறைக்குள் நுழைந்தவன், சிதறிக் கிடந்த முத்துகளைப் பார்த்துச் சந்தேகப்படாமல் பொறுக்கித் தரட்டுமா என்று கேட்டவன் அவன். அந்தப்புரத்தில் துரியோதனன் வைத்த நம்பிக்கையை, எங்கள் குளியலறையில் வைக்கக் கம்பெனிக்கு மனம் வரவில்லை.

எங்கள் சோப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சோப்பு உறையில் பொடி எழுத்தில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். மொத்தக் கொழுப்புச் சத்து எவ்வளவு என்பது அது. குளியல் சோப்பில் அது குறைந்தது 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம் என்பது இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்த கணக்கு. எங்கள் சோப்பு மூன்றாம் வகுப்பில் தேறியது. ஆச்சிக்கு ஆறு எப்படியோ எங்களுக்கு மூன்று அப்படி. கடைக்காரர் கேட்டால் “நல்ல தரம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஆர்டர் புக்கைத் திறந்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு டி.எஃப்.எம். தெரியாது. ஆனால் சோப்புப் பெட்டியைச் சாய்த்துப் பார்ப்பாள். “ஏல, இது சோப்பா களியா? ரெண்டு நாளு கூட ஆகல, கொழகொழன்னு கெடக்கு” என்றாள். அதற்காகச் சோப்பு வீட்டுக்கு வராமல் இருக்குமா? ஊழியர் சலுகை விலையில் மாதம் ஒரு டஜன் வந்துவிடும். வாங்குவது அவரவர் விருப்பம். விருப்பமில்லாதவர்களின் பெயர் மட்டும் மீட்டிங்கில் வாசிக்கப்படும். ஒரு தீபாவளிக்குப் போனஸோடு அட்டைப்பெட்டி ஒன்றும் வந்தது. பட்டாசோ என்று தங்கை ஓடிவந்து பிரித்தாள். இரண்டு டஜன். வெகுநேரம் அவள் பேசவே இல்லை. கூலியைச் சரக்காகக் கொடுக்கக் கூடாது, காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1831லும் நம் நாட்டில் 1936லும் சட்டம் போட்டார்கள். போட்டவர்கள் வீட்டிலும் ஒரு தங்கை இருந்திருப்பாளோ என்னவோ.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டார் தேய்க்க ‘அவங்க’ சோப்பு, அது அரிசிப் பானைக்குள். வெளியே வைக்க எங்கள் சோப்பு. என்னோடு வேலை பார்ப்பவர்கள் யாராவது தெருமுனையில் தென்பட்டால் தங்கை ஓடிப்போய் மாற்றிவிடுவாள். நம் வீடுகளில் விருந்தாளிக்கென்று தனித் தம்ளர் இருக்குமே, அதுபோல எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று தனிச் சோப்பு. பாங்கிலும் இப்படி உண்டு என்று அங்கே வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா சொன்னார். தன் கிளையிலேயே கணக்கு வைத்தால் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று தெரிந்துபோகும் என்று அவர் வேறு பாங்கில் வைத்திருந்தாராம். அது நியாயம் மாதிரிதான் பட்டது.

ஒருநாள் மேனேஜர் சாரே வந்துவிட்டார். பாளையங்கோட்டை டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்கு வந்தவர், “உங்க வீடு இங்கதானே இருக்கு” என்று ஜீப்பைத் திருப்பச் சொன்னார். நான் டிவிஎஸ் 50இல் சந்து வழியாக முந்திப் பறந்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் சோப்பு.

“அம்மா, இந்தச் சோப்பு வீட்டுல எத்தனை நாளா புழங்குது?”

அவசரத்தில் தங்கை புதுச் சோப்பைப் பிரித்து வைத்திருந்தாள். கம்பெனி பெயர் பொறித்த எழுத்துகூட மழுங்கவில்லை. எங்கள் சோப்பில் அந்த எழுத்து இரண்டு குளியலைத் தாண்டாது என்பது மேனேஜருக்குத் தெரியாதா? அம்மாவோ மகனின் வேலையைக் காப்பாற்றும் வேகத்தில் இருந்தாள்.

“ஒரு மாசமா இந்த ஒரு கட்டிதான் சார் ஓடுது. கரையவே மாட்டேங்கு.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் ஒன்றும் சொல்லாமல் சோப்பைப் பெட்டியில் வைத்தார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா இலை போட்டாள். சோறு விழுந்ததும் ஆவியோடு ஒரு மல்லிகை மணம் எழுந்தது. மாதக்கணக்கில் சோப்போடு சோப்பாகக் கிடந்த அரிசி. எங்களுக்கு மூக்கு பழகிவிட்டதால் அது உறைக்கவில்லை. அவர் இருபது வருடம் சோப்பு விற்றவர். வாசனையை வைத்தே எந்த ஃபாக்டரி என்று சொல்லிவிடுவார். கையில் எடுத்த கவளம் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார்.

“என்ன அரிசிம்மா இது?”

“பொன்னிதான் சார்.”

“ம்” என்று சொல்லிவிட்டு, ரசம் வரைக்கும் சாப்பிட்டார்.

அடுத்த மாத மீட்டிங்கில் எனக்குச் சீட்டுக் கிழிந்துவிடும் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார். “பாளையங்கோட்டையில நம்ம ரெப் ஒருத்தர் வீடு. நானே கண்ணால பார்த்தேன். ஒரே கட்டி. ஒரு மாசமா ஓடுது!” கைதட்டல். எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி பரிசு. செஞ்சோற்றுக் கடன் என்பதை அன்றுதான் முதல்முதலாக நேரில் பார்த்தேன். அவர் சாப்பிட்டது எங்கள் வீட்டுச் சோற்றை.

இது நம் ஊர்க் கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். என் பெரியப்பா மகன் ஒரு பைக் கம்பெனியில் ஃபிட்டர். கல்யாணத்தில் மாமனார் கொடுத்த வண்டி வேறு கம்பெனி. அதைத் தினமும் கேட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் போட்டுவிட்டு நடந்து உள்ளே போவான். அங்கே அதுபோல நாற்பது மாமனார்களின் வண்டிகள் நிற்கும் என்பான். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2006இல் டியர்போர்ன் டிரக் ஆலையில், வேறு கம்பெனிக் கார் வைத்திருக்கும் தொழிலாளி சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும் என்றார்கள். 2009இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் கூட்டத்தில் ஒருவர் ஐபோனில் படம் எடுக்க, தலைவர் ஸ்டீவ் பால்மர் அதைப் பிடுங்கித் தரையில் வைத்து மிதிப்பதுபோல நடித்தார். கூட்டம் சிரித்தது. போனுக்குச் சொந்தக்காரர் சிரித்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அதே மைக்ரோசாஃப்டில் 1988இலேயே பால் மாரிட்ஸ் என்ற அதிகாரி, நம் நாய்த்தீனியை நாமே தின்ன வேண்டும் என்ற பொருளில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நாம் எழுதும் மென்பொருளை நாமே பயன்படுத்தினால்தான் அதன் ஓட்டை தெரியும் என்பது கருத்து. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. செய்பவன் தின்றுபார்த்து உப்பு பத்தவில்லை என்றால், அடுத்த முறை உப்பு போடலாம். எங்கள் கம்பெனி தின்னச் சொன்னதே தவிர, ருசியைச் சொல்லச் சொன்னதில்லை. சோப்பு குழைகிறது என்று நான் ஒரு தடவை ரிப்போர்ட்டில் எழுதினேன். ‘சோப்புப் பெட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளும்படி வாடிக்கையாளருக்கு அறிவுறுத்தவும்’ என்று பதில் வந்தது.

இதற்கிடையில் 1993 வந்தது. ஜங்ஷன் டீக்கடையில் ஹமாம் ரெப்பும் லக்ஸ் ரெப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடிப்பதை நான் வருடக்கணக்கில் பார்த்தவன். அந்த வருடம் ஹமாம் செய்துவந்த டாடா ஆயில் மில்ஸ், லக்ஸ் செய்துவந்த இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. சங்கங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. இணைப்பு செல்லும் என்று 1994இல் தீர்ப்பு. அதே 1993இல்தான் கோக்கோ கோலா கம்பெனி தம்ஸ் அப்பை பார்லேயிடமிருந்து வாங்கியது. எத்தனை குளியலறைகளில், எத்தனை ஃபிரிட்ஜ்களில் ஒரே ராத்திரியில் தர்மம் மாறியிருக்கும்! டீக்கடையில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்தார்கள். எங்கள் மேனேஜர் அவர்களைக் காட்டி, “பாத்தீங்களாய்யா, நம்ம முதலாளி அப்படி விக்கிறவர் இல்லை” என்றார்.

மூன்று வருடம் கழித்து விற்றார்.

வாங்கியது அவங்க.

மதுரை லாட்ஜ் ஹாலில் கடைசி மீட்டிங். மேசையில் சர்க்குலர். ‘நமது குடும்பம் பெரிதாகிறது’ என்று தொடங்கியது. மேனேஜர் சார் வாசித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வரியில் அந்தப் பெயர் இருந்தது. நின்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து வந்து பார்த்தார். அதே இடத்தில் மறுபடி நின்றார். கூட்டம் முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் காகிதத்தைப் பக்கத்திலிருந்த அக்கவுண்டன்டிடம் நீட்டி, “கண்ணாடி சரியில்லை, நீங்க படிங்க” என்றார். கண்ணாடியைக் கழற்றாமலேதான் இருந்தார். அன்று கர்ணன் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வேலை போய்விடுமா என்று முதலில் கேட்டாள். இப்போதைக்கு இல்லை என்றேன். சம்பளம்? அதேதான். யோசித்தபடி அரிசிப் பானையைத் திறந்து, உள்ளே கைவிட்டு, உறை பிரிக்காத மூன்று கட்டிகளை எடுத்து முன்னால் வரிசையாக வைத்தாள். பிறகு குளியலறைக்குப் போய், எழுத்து அழியாத எங்கள் சோப்பையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

“ஏல, இப்ப இதுல எதை அரிசிக்குள்ள போட?”