வீட்டிலேயே ரேடியம் குளோரைடு: மேட்டூர்ப் பக்குவம்

தேவையானவை: யுரேனியம் எடுத்தபின் மிஞ்சும் பிட்ச்பிளெண்டு கழிவு, சில டன். ஹைட்ரோகுளோரிக் அமிலம், தாராளமாக. கிளறுவதற்கு ஆள் உயர இரும்புக் கம்பி 1. காற்றோட்டமான கொட்டகை, கூரை ஒழுகினால் பரவாயில்லை, மேரி கியூரியின் கொட்டகையும் ஒழுகியது.

அமிலத்துக்கு நாம் கவலைப்பட வேண்டாம். 1934-ல் அணை திறந்து, பின்னாலேயே மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்து, உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் எடுத்த ஊர் இது. கழிவுக்குத்தான் அலைச்சல். கியூரிக்கு அது பொஹீமியாவின் யோக்கிம்ஸ்டால் சுரங்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. சேலத்து மேக்னசைட்டைத் தோண்டிப் பயனில்லை. மக்னீசியமும் ரேடியமும் ஒரே குடும்பம்தான். ஆனால் போக்குவரத்து இல்லாத சொந்தம்.

செய்முறை:

1. கழிவைக் கரைத்து, வடித்து, வேண்டாத உலோகங்களை ஒவ்வொன்றாக விலக்கவும். கடைசியில் பேரியத்தோடு ஒட்டிக்கொண்டு ரேடியம் நிற்கும். எதை ஊற்றினாலும் இரண்டும் சேர்ந்தே படியும், சேர்ந்தே கரையும். அதட்டிப் பிரிக்க முடியாது.

2. இரண்டையும் குளோரைடாக்கி, கொதிக்கவைத்து ஆறவிடவும். ரேடியம் குளோரைடு சற்றே குறைவாகக் கரையும். ஆகவே முதலில் விழும் படிகத்தில் ரேடியத்தின் பங்கு ஒரு துளி கூடியிருக்கும். அந்தப் படிகத்தை மட்டும் எடுத்து மறுபடி கரைக்கவும்.

3. இரண்டாம் படியைத் திரும்பச் செய்யவும். பிறகும் செய்யவும். 1898 டிசம்பரில் ரேடியத்தை அறிவித்த கியூரி, 1902-ல் நிறுத்தினார். கையில் இருந்தது 0.1 கிராம்.

பதம்: புதுப் படிகம் வெள்ளையாக இருக்கும், நாள்பட மஞ்சளாகி, இளஞ்சிவப்பாகும். இருட்டில் தானே ஒளிரும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போக வேண்டாம்: 1901-ல் ஹென்றி பெக்கரெல் அப்படி வைத்திருந்து, உடம்புத் தோல் வெந்துபோனது.

அனுமதி: நகராட்சியில் வாங்கும் சீட்டு செல்லாது. அணுசக்திச் சட்டம் இருக்கிறது. மும்பையில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. அவர்களாகவே உங்கள் வீடு தேடி வருவார்கள்.

சேமிப்பு: ரேடான் என்ற கதிரியக்க வாயு விடாமல் வந்துகொண்டிருக்கும் என்பதால், வீட்டில் வைக்க இடம் கிடையாது. சொத்தாக எழுதிவைக்கலாம். பாதி அழியவே 1600 ஆண்டு ஆகும் என்பதால், பங்காளிகள் அவசரமில்லாமல் வாய்தா வாங்கலாம்.