கூனிமேட்டுக் காக்கையின் தாமதம்: ஓர் ஆய்வு

இளவேனிற் காலத்தில் கொல்லைப்புறத்துக்குப் பறவைகளை வரவழைத்து உணவிடுதல், மேலை நாடுகளில் சூரியகாந்தி விதை, கொழுப்பு உருண்டை, தொங்கு தட்டு ஆகியவற்றை விற்கும் தனி வணிகமாகவே வளர்ந்துவிட்டதாயினும், மரக்காணம் உப்பளக் கரையைச் சார்ந்த கூனிமேட்டில் அதற்கு ஒரு பிடிச் சோறும், ஒரு துண்டு வாழையிலையும், நாலு வீடு தாண்டிக் கேட்கும் குரலுமே போதுமானவையாக உள்ளன. பறவையின் பெயரையே நீட்டி முழக்கும் அக்குரல் இங்கு ‘விளி’ எனப்படும். விளி தொடங்கியதிலிருந்து முதற் காக்கை மதிலில் வந்தமரும் வரையிலான இடைவெளி ‘தாமதம்’ எனப்படும். காக்கை தொட்ட பின்னரே வீட்டாருக்கு இலை போடப்படும் என்ற விதி அமாவாசை நண்பகலில் தளர்வின்றிக் கடைப்பிடிக்கப்படுவதால், ஒரு குடும்பம் முழுவதையும் பசியோடு வானம் பார்க்க வைக்கும் இத்தாமதம் ஆராயத்தக்க பொருளே ஆகும்.

இக்கரையில் வேறு பறவை இல்லாமையால்தான் காக்கையைக் கெஞ்ச வேண்டியுள்ளது என்று எவரும் கருதலாகாது. அருகிலுள்ள கழுவெளி, 5,151.60 ஹெக்டேர் பரப்புடன் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற ஈரநிலமாகும். ஆனால் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் உள்ளான்களும் வாத்துகளும், உப்பளத்தில் உப்பு வாரும் வேலை சூடுபிடிக்கும் பருவத்தில் வடக்கே புறப்பட்டுவிடுகின்றன. பூநாரைக்கோ எந்த வீட்டு அடுப்பிலும் சேற்று நீர்ப் புழு ஆக்கப்படுவதில்லை. சித்திரை வெயிலிலும் ஊரை விட்டுப் போகாமல், சரணாலயமும் கேளாமல், சமைத்ததை மறுக்காமல் உண்பது காக்கை ஒன்றே.

தாமதத்துக்கு வீட்டுக்குள் வழங்கும் விளக்கம் பெரும்பாலும் உறவுமுறை சார்ந்தது. காலஞ்சென்ற மாமனாருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலில் காரம் குறைந்துவிட்டதால் அவர் வர மறுக்கிறார் என்பது மாமியார் தரப்பு. உயிரோடிருந்தபோதும் அவர் சாப்பாட்டுக்கு ஒருநாளும் நேரத்தில் வந்ததில்லை என்பது மருமகள் தரப்பு. இரண்டாவது தரப்பில் வலு அதிகம் என்றாலும் அதை மெய்ப்பிக்க வழியில்லை.

படையலின் அளவு குறைந்ததே காரணம் என்ற கருத்துக்கு இலக்கியச் சார்பு உண்டு. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு நெய் பெய்த சோற்றை ஏழு கலங்களில் ஏந்திக் கொடுத்தாலும் சிறிதே என்று குறுந்தொகையில் பாடியவர், அப்பாட்டாலேயே காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்ற நச்செள்ளையார். ஏழு கலம் எங்கே, ஒரு பிடி எங்கே என்று காக்கை முறுக்கிக்கொள்வதாகக் கொள்ளலாமெனினும், அங்கே சோறு செய்த வேலைக்கான கூலி, இங்கே வேலை எதுவும் ஏவாமலே கொடுக்கப்படும் முன்பணம் என்ற வேறுபாட்டால் இக்கருத்து நிற்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காக்கை பசியால் விரைந்து வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பொய்க்கிறது. தடை விசைப்படகுகளுக்கே உரியதாகையால், கரையிலிருந்து தள்ளப்படும் ஃபைபர் படகுகள் போய் வந்துகொண்டே இருக்கின்றன, காக்கையின் காலைச் சிற்றுண்டியும் தடைப்படுவதில்லை.

உண்மைக் காரணத்தை வீட்டின் பின்புறத்தில் தேடியதே இதுவரையிலான பிழை. அது முன்புறத்தில், மணலில் காயும் கருவாட்டின் பக்கத்தில் கிடக்கிறது. காலை முழுவதும் அங்கே குச்சியோடு அமர்ந்து, “சூ, போ சனியனே” என்று எந்தக் கை காக்கையை விரட்டியதோ, அதே கைதான் உச்சிவேளையில் கொல்லை மதிலில் சோற்றை வைத்து அதே காக்கையை வருந்தி அழைக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து வளையமிட்டு விட்டபோது, அவை அம்முகமூடியை ஆண்டுக்கணக்கில் மறவாமல், அதை அணிந்து வந்தவரையெல்லாம் திட்டித் தீர்த்தன. அது வேறு இனக் காகம் என்றாலும், நம் காக்கை அதற்கு இளைத்ததென்று கூற எவரும் துணியார். ஆகவே தாமதம் என்பது மதிலுக்கு அப்பால் பூவரச மரத்தில் அமர்ந்து, குச்சி உள்ளே வைக்கப்பட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளும் காலமே. விரட்டுபவர் ஒருவராகவும் விளிப்பவர் வேறொருவராகவும் இருந்தால் இது பாதியாகக் குறையலாம். நிலத்தடி நீரும் கரிக்கும் இக்கரையில், சோற்றின் பக்கத்தில் ஒரு மண்சட்டி நிறைய நல்ல தண்ணீர் வைப்பது இன்னும் பயனுள்ள வழி; காய்ந்த உணவை நனைத்துத் தின்னும் பழக்கமுடைய காக்கை, சோற்றை மறுத்தாலும் சட்டியை மறுக்காது.

விரட்டலும் விளியும் கலந்த இவ்வுறவைக் கூனிமேடு மட்டும் கண்டுபிடிக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் காக்கையை எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு தீங்குயிர்களின் ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. அவ்வட்டவணை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்படும் வரை, அரை நூற்றாண்டுக் காலம் தமிழர்தம் முன்னோர் எலிகளுக்கு அருகே அமர்ந்தே படையல் ஏற்றனர். கென்யாவோ, இந்தியாவிலிருந்து பரவிய இதே இனத்தில் பத்து லட்சத்தை ஒழிக்கப் போவதாக 2024இல் அறிவித்தது. அங்கே அமாவாசை அனுசரிப்போர் நிலை தனி ஆய்வுக்குரியது.

இறுதியாக, சோறு சேருமிடம் பற்றிய சிக்கல் ஒன்று உள்ளது. இளவேனிலில் ஆண்குயில் கூவிக் காக்கையை வம்புக்கிழுத்து அப்பால் கொண்டுசெல்ல, பெண்குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டு விடுகிறது; குயிற்குஞ்சு காக்கைக் குஞ்சுகளுக்கு முன்பே பொரிந்து வாயைத் திறக்கிறது. எனவே வேனில் அமாவாசையில் மாமனாருக்கென வைத்த பருப்புச் சோற்றின் ஒரு பகுதி, குடும்பத்துக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஒரு குயிலின் வயிற்றைச் சென்றடைகிறது. அது வளர்ந்து பழந்தின்னியாகிவிடுவதால், பின்னொரு நாளில் அதே மதிலில் வந்தமர்ந்தாலும் இலையைப் பெரிதாக மதிப்பதில்லை. தப்பித்தவறி ஒரு பருக்கையைக் கொத்திவிட்டால் அதைக் காக்கை தொட்டதாகக் கொண்டு வீட்டாருக்கு இலை போடலாமா என்ற வினாவுக்கு, காத்திருப்போரின் பசியளவைப் பொறுத்தே விடை கூறவியலும்.