திண்ணைக்கு இரவு வாடகை

பிரான்சில் பாழடைந்த பண்ணை வீடுகளைச் செப்பனிட்டு, பாரிஸ்காரர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். 1955 முதல் இதற்குத் தேசியக் கூட்டமைப்பே இருக்கிறது. அந்தக் காற்று புதுச்சேரி எல்லை தாண்டிக் கடலூர், சிதம்பரம் பக்கமும் வீசத் தொடங்கிவிட்டது.

கடலூருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் புதிதா என்ன? 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து, இங்கிருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1782-ல் மறுபடி வந்து ஊரையே பிடித்தார்கள். இப்போது மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு வந்திருக்கிறார்கள். எதிர்க்க ஆளில்லை.

தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு ஒழுகுகிறதென்று அப்பா டவுனில் மாடி வீடு கட்டிக்கொண்டு போனார். பேரன் அதே ஓட்டுக்கடியில் பொய்க்கூரை போட்டு ஏசி மாட்டி, "பாரம்பரிய அனுபவம்" என்று இரவுக்கு இவ்வளவு எனக் கறக்கிறான். திண்ணையில் கயிற்றுக் கட்டில், அதன் மேல் ஃபோம் மெத்தை. அம்மிக்கல் இருக்கிறது, அதில் வைஃபை கடவுச்சொல் எழுதி ஒட்டியிருக்கிறது. முற்றத்தில் மழை விழுவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து கார் போட்டு வருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் பார்க்கும் கடலூர்க்காரனுக்கு இது புரியாது.

காலையில் சிதம்பரத்துச் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் கிடைக்குமா என்று கேட்டால், "காண்டினென்டல்தான் சார், கொத்சுன்னா முன்னாடியே புக் பண்ணணும்" என்கிறார் மேனேஜர்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்த ஆயா விடவில்லை: "இன்னா சார், ரொட்டி துன்னவா இம்மாந்தூரம் வந்தீங்க? எங்க ஊடும் ஓட்டு ஊடுதான். பாதி வாடகை குடுங்க, கொத்சும் சேத்தி."