கல்லைப் பாக்கப் போற மாப்ளைக்கு

வா மாப்ளே, உக்காரு. ஜோர்டானுக்குப் போறியாம்ல, பெட்ராவைப் பாக்க. உங்க அத்தை சொன்னா. மகன் துபாய்ல இருக்கிற தயவுல நானும் ஒரு கூட்டத்தோட அங்க போய்ட்டு வந்தவன்தானே, நாலு புத்திமதி சொல்றேன். நீ கேக்கமாட்டேன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

காலம்பற ஆறு மணிக்கே உள்ள விடுறான். நீ அவசரப்படாத. நல்லாத் தூங்கி எந்திரிச்சு, ஓட்டல்ல இட்லி இல்லையேன்னு ஒரு மூச்சு அங்கலாய்ச்சுட்டு, உச்சி வெயிலுக்குப் போய் எறங்கு. அப்பத்தான் பாலைவனம் பாலைவனமா இருக்கும். ஒரு நாள் டிக்கெட் 50 தினார். அதை ரூபாயாக்கிப் பாத்துறாத. எங்க கூட்டத்துல பேங்குல இருந்து ஓய்வானவரு ஒருத்தர் ஆக்கிப் பாத்துட்டாரு. அன்னைக்குப் பூராம் ஒவ்வொரு கல்லையும் அடகுக்கு வந்த நகையைப் பாக்கிற மாதிரியேதான் பாத்தாரு.

வாசல்ல குதிரைக்காரன் நிப்பான். டிக்கெட்டோட சேத்தி, இலவசம்பான். நெசந்தான், ஏறுறதுக்குக் காசு கிடையாது. எறங்கும்போது இனாம் கேட்டு ஒரு பார்வை பாப்பான் பாரு, அதுக்குத்தான் காசு. கொஞ்சம் தள்ளிப் போனா ஒட்டகக்காரன், "ஏசி டாக்சி வேணுமா?"ன்னு கேப்பான். நம்ம ஊர்த் தரகனுக்கெல்லாம் இந்த நாக்கு வராது.

அப்புறம் சீக்குன்னு ஒரு இடுக்கு வரும். ரெண்டு பக்கமும் செங்குத்தாச் செவத்த பாறை, ஒரு கிலோமீட்டருக்கு மேல நடக்கணும். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கடைசி வளைவுல தெரியப்போற கஜானாக் கட்டடத்துக்காகவே மூச்சைப் பிடிச்சு நடப்பாக. நீயும் அண்ணாந்தே நட. தப்பித்தவறிக் குனிஞ்சு பக்கச் சுவரைப் பாத்துறாத. பாத்தா வாய்க்கால் தெரியும். உனக்கு வாய்க்கால்னாலே ஆகாதே.

ஒரு பக்கம், இந்த ஊரைக் கட்டின நபாட்டியன் பாறையிலயே வெட்டின வாய்க்கால். இன்னொரு பக்கம் சுட்ட மண்ணுல செஞ்ச குழாயை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிப் பதிச்சிருக்கான். மூசா ஊத்துத் தண்ணியை அதுல ஊருக்குள்ள கொண்டாந்திருக்கான். வண்டல் தங்கிறதுக்கு நடுநடுவுல குழி. வருசத்துக்கு ஒரு சாண் மழையே பெரும்பாடா இருக்கிற சீமையில 2000 வருசத்துக்கு முன்னாடி செஞ்ச வேலை இது. அதோட விட்டானா? மழை வந்தா வெள்ளம் அந்த இடுக்குக்குள்ளதான் பாயும்னு தெரிஞ்சு, வாசல்லயே அணை போட்டு, பக்கத்து மலையைக் குடைஞ்சு வெள்ளத்தை வேற பக்கமாத் திருப்பிவிட்டான். அந்த ஏற்பாடு பின்னால தூந்துபோய்க் கெடந்துச்சு. 1963ல திடீர் வெள்ளம் வந்து, சுத்திப் பாக்கப் போன பிரான்சுக்காரங்க இருபது பேருக்கு மேல அந்த இடுக்குக்குள்ளயே செத்துப்போனாங்க. அதுக்கப்புறந்தான் மறுபடி அணையைக் கட்டினாங்க. நம்ம கண்மாய்க்கு வர்ற வாய்க்காலைத் தூத்துப் பிளாட் போட்டு வித்தது யாருன்னு நான் சொல்லமாட்டேன். உங்க சித்தப்பன் மனசு சங்கடப்படும்.

போற வழியில பாறையில ஒட்டகமும் ஓட்டுறவனுமா ஒரு சிற்பம் இருக்கு. மேல்பாதி காத்துலயும் தண்ணியிலயும் தேஞ்சுபோச்சு. ஓட்டுறவனுக்குப் பாதமும் அங்கியோட கீழ்மடிப்பும், ஒட்டகத்துக்குக் காலும்தான் மிச்சம். எங்ககூட வந்த பொடியன் ஒருத்தன், அந்தத் தலையில்லாத ஆளுக்கு மேல தன் தலையை நீட்டிப் போட்டோ எடுத்தான். பொருத்தமாத்தான் இருந்துச்சு.

கஜானாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 40 மீட்டர் உசரம், மேல இருந்து கீழ வெட்டிக்கிட்டே எறங்கியிருக்கான் நபாட்டியன். பேருதான் கஜானா, உள்ள மொட்டை அறை. 1989ல வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்துல கதாநாயகன் அதுக்குள்ள என்னென்னமோ பண்ணுவான். நீ அதை நம்பிப் போய் வாசல்ல எட்டிப் பாத்துட்டு முழி. மேல ஒரு கல் கலசம் இருக்கு. அதுல பார்வோன் பொன்னை ஒளிச்சு வச்சிருக்கான்னு அந்தக் காலத்துப் பதூயின் ஆளுக துப்பாக்கியால சுட்டுச் சுட்டுப் பாத்திருக்காக. குண்டு பட்ட தழும்பு இன்னும் இருக்கு. கலசம் முழுக்கக் கல்லு மாப்ளே. 2024ல கட்டடத்துக்கு அடியில தோண்டினப்ப கெடைச்சது பன்னெண்டு பேரு எலும்புக்கூடு. உங்க தாத்தன் புதையல்னு சொல்லி நீ கொல்லையைத் தோண்டினப்ப அதுகூடக் கெடைக்கலை.

அதைத் தாண்டினா நாடகக் கொட்டகை. படிக்கட்டு வெட்டுறதுக்காக அங்க இருந்த கல்லறைகளையே செதுக்கித் தள்ளியிருக்கான். செத்தவன் பட்டா கேட்டு வரமாட்டான்னு அப்பவே தெரிஞ்சு வச்சிருக்கான். எங்க கூட்டத்து வாத்தியார் அந்தப் படியில நின்னு 106ல ரோமாபுரிக்காரன் புடிச்சது, சாம்பிராணி ஏவாரம் வேற பாதைக்கு மாறினது, 363ல பூமி அதிர்ந்ததுன்னு ஒண்ணு விடாமச் சொல்லி முடிச்சாரு. கேட்டது நானும் ஒரு ஆடும்.

ஆடுன்னதும் ஞாபகம் வருது. 1812ல சுவிட்சர்லாந்துக்காரன் பர்க்ஹார்ட் அராபியன் மாதிரி வேசங்கட்டி, ஹாரூன் நபி சமாதியில ஆடு வெட்டுறதா நேர்த்திக்கடன்னு பொய் சொல்லித்தான் உள்ள போனான். வழி காட்டிக் கூட்டிட்டுப் போனவன் அந்த ஊர்க்காரன். ஆனா ஊரைக் கண்டுபிடிச்சவன்னு பேரு பர்க்ஹார்ட்டுக்கு. பெட்ராக் குகைகள்ல குடியிருந்த பதூல் சனங்களை 1985 வாக்குல மேட்டுல உம் சைஹூன்னு ஒரு ஊரைக் கட்டி அங்க அனுப்பிட்டாங்க. 1985லதான் யுனெஸ்கோ பட்டியல்ல பெட்ரா பேரு ஏறுச்சு. இப்ப அவுக புள்ளைகதான் உன்கிட்டப் பாசிமணி விக்க ஓடிவரும். பேரம் பேசுற சாமர்த்தியத்தை அதுககிட்டக் காட்டாத. உனக்கு நகைக்கடை இருக்கு, துணிக்கடை இருக்கு.

கடைசியா ஒண்ணு. மலை உச்சியில அத்-தெய்ருன்னு இன்னொரு கட்டடம் இருக்கு, கஜானாவைவிடப் பெருசு. 800 படி ஏறணும். கழுதைக்காரப் பையன் விடாம வெரட்டி வருவான், நீயும் ஆசைப்படுவே. உன் தொப்பையை ஒரு தரம் தடவிப் பாத்துக்கிட்டு, ரெண்டு பாட்டில் தண்ணியை எடுத்துக்கிட்டு நடந்தே ஏறு மாப்ளே. அந்தக் கழுதை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?