இருவிரல் விரிப்பு: தூத்துக்குடித் துறைமுகத்து பி.டி.எஃப். குறித்து ஓர் ஆய்வு

தூத்துக்குடி கன்டெய்னர் யார்டுகளில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை இதுவரை எந்தக் கூலிக் கணக்கிலும் ஏறவில்லை. வாட்ஸாப்பில் பி.டி.எஃப்.பாக வந்த பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் சரக்குச் சீட்டு) நகலை விரிப்பது, இழுப்பது, 11 எழுத்துள்ள கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பிடிப்பது, அதற்குள் முதல் நான்கு எழுத்தை மறப்பது என நான்கு படிநிலை உடையது அது. அதற்கு இருவிரல் விரிப்பு எனப் பெயரிடுவோம். அதன் காரணம் கண்ணன்று, விரலன்று. தாள் என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைபேசித் திரைக்கோ ஏறத்தாழ 70. தாளில் 9 பாயிண்டாக இருந்த எழுத்து திரையில் 3 பாயிண்டாகிறது. பி.எல்.லின் பின்பக்க நிபந்தனைகளின் கதி இன்னும் நுட்பமானது. திரைக்குப் பின்பக்கம் இல்லாததால் அவை இரண்டாம் பக்கமாகிவிடுகின்றன. தாளிலும் அவற்றை யாரும் படித்ததில்லை என்பதால் இதை இழப்பில் சேர்க்கவில்லை. படிப்பவர் கைக்கேற்பப் பக்கம் அமைவது இக்கரைக்குப் புதிதுமன்று. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் தமிழாக்கி, 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கக் கையடக்க நூல்.

கைபேசியைச் சாய்த்துப் பிடித்தால் ஆயிற்றே எனின், அற்றன்று. எழுத்து பெரிதாகும், ஆனால் தாளில் மூன்றிலொரு பங்கே தெரியும். எடை தெரியும்போது அது எந்தக் கன்டெய்னரின் எடை என்பது மேலே போய்விடும். பி.டி.எஃப்.பில் ஒரு வரிகூட இடம் மாறாதே எனின், எந்தக் கணினியிலும் பக்கம் ஒன்றுபோல் தெரியவும் அச்சாகவுமே அடோபி 1993இல் அதைக் கொண்டுவந்தது. தாளில் உறுதி எனப்படுவது சிறு திரையில் பிடிவாதம். சரக்கை விடுவிக்க அசல் பி.எல். தாளாகவே கேட்கிறார்களே, மூன்று அசல் தருவதும் வழக்கமாயிற்றே எனின், உண்மை. அது சரக்கு யாருடையது என்று காட்டும் பத்திரம். லாரி டிரைவரோ அதைக் கேட்பதில்லை. கன்டெய்னர் எண், சீல் எண், எடை இம்மூன்றே அவருக்கு வேண்டும்.

ஆதலின் தீர்ப்பு: வங்கிக்கும் கப்பல் ஏஜென்ஸிக்கும் ஏ4 தாள், யார்டுக்கு அந்த மூன்று விவரமும் மூன்று வரியில். இதற்குப் புது மென்பொருள் எதுவும் வேண்டாம். நகலை அனுப்புகிறவர் அதற்குக் கீழேயே தட்டச்சு செய்தால் போதும்.