அட்ரினல் வீட்டு அடுப்பு

கேள்வி: ஸ்டீராய்டு என்றாலே நடுங்குகிறது. அது உடம்பில் சேராமலே வாழ முடியாதா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: முடியாது அம்மா. இந்தக் கடிதத்தை எழுதும்போதே உங்கள் ரத்தத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லா வைத்தாற்போல் ஆளுக்கொரு அட்ரினல் சுரப்பி. அதில் ஊறும் கார்டிசால்தான் மருந்துக்கடை ஸ்டீராய்டுக்கெல்லாம் மூத்த அக்கா. நள்ளிரவில் அடங்கிக் கிடந்து, உங்கள் அலாரம் அடிக்கும் முன்பே பொங்கி எழும். சர்க்கரையை ஏற்றி, ரத்த அழுத்தத்தைச் சரியவிடாமல் பிடித்து ஆளை எழுப்பிவிடும். அதன் தங்கை ஆல்டோஸ்டீரோன் உப்புக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரே வாரத்தில் நடக்க வைத்துவிட்டது. என்ன மாயம் இது?
(ஒரு வாசகர், தேனி)

பதில்: 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலும் இப்படித்தான் அசந்துபோனார்கள். முடக்குவாதத்தால் நடமாட முடியாத 29 வயதுப் பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் குழுவினர் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் கடைத்தெருவுக்கே போய்வந்தார்! 1950-இல் ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

உங்கள் ஸ்டீராய்டு மாத்திரை செல்லுக்குள் புகுந்து, வீக்கத்தைக் கிளப்பும் ஜீன்களின் வாயை அடைக்கிறது. ஆனால் அது மூட்டோடு நிற்பதில்லை. எல்லா வீட்டுக் கதவையும் தட்டும். எலும்பு கட்டும் செல்களை அடக்கும், ஈரலைச் சர்க்கரை செய்யச் சொல்லும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் பூரிபோல் உப்பும். எலும்பு மெலியும், கண்புரை வரலாம், கிருமியை எதிர்க்கும் தெம்பு குறையும். ஆகவே அவ்வப்போது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டேன், வலி போயிற்று. நேற்றோடு நிறுத்திவிட்டேன். சரிதானே?
(ஒரு வாசகர், கடலூர்)

பதில்: முதலில் டாக்டருக்குப் போன் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

தினமும் வெளியிலிருந்து சாப்பாடு வரும் வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? மாத்திரை வருவதைப் பார்த்த பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். அட்ரினலும் சுருங்கித் தூங்கிவிடும். திடீரென்று சாப்பாடு நின்றால் வீடு பட்டினி: வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு, உயிரே போகலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்தால்தான் அடுப்பு மறுபடி பற்றும். சிலருக்கு அதற்கு மாதங்கள் ஆகும்.

கேள்வி: இன்ஹேலரிலும் ஸ்டீராய்டாமே?
(ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: பலவற்றில் உண்டு, மிகச் சிறிய அளவில். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். வீசிங்குக்கு அது நல்ல மருந்து, பயந்து விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் கொடுத்த களிம்பால் என் மகள் முகம் வெளுத்திருக்கிறது. தொடரலாமா?
(ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: டியூபைத் திருப்பிப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நாளாக நாளாகத் தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும். படர்தாமரை இருந்தால் அரிப்பு அடங்கினாற்போல் காட்டிச் சத்தமில்லாமல் பரவும். உங்கள் மகளின் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை. டியூபோடு அவளை இந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.