இரு பக்கமும் ஒரே தாளில்: ஒரு காப்புரிமை விண்ணப்பம்

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடைக்காரர், மணிக்கூண்டு அருகில், ஈரோடு.
(கடையின் பெயருக்கு இன்னும் டிரேட்மார்க் வாங்காததால் வெளியிடவில்லை.)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அமெரிக்கக் காப்புரிமை மற்றும் வணிகச் சின்ன அலுவலகம்,
அலெக்சாண்ட்ரியா, வர்ஜீனியா.

பொருள்: ஆதார் அட்டையின் இரு பக்கங்களையும் ஒரே தாளில் நகலெடுக்கும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வேண்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

மேற்படி பொருள் தொடர்பாகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்:

“செவ்வக வடிவ அடையாளப் பொருளொன்றின் முதற்பரப்பைக் கண்ணாடிமேல் கவிழ்த்துப் படியெடுத்தல், அப்பொருளைப் புரட்டுதல், அதே தாளை மீண்டும் உட்செலுத்துதல், பொருளைச் சற்றே தள்ளிவைத்து இரண்டாம் பரப்பைப் படியெடுத்தல்.” இதுதான் கண்டுபிடிப்பு. கடையில் இதைச் செய்தால் சில்லறை தேறும். தங்கள் நடையில் எழுதிப் பார்த்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

இதற்கெல்லாம் காப்புரிமை தருவார்களா என்று முதலில் தயங்கினேன். தங்கள் பழைய கோப்புகள் தயக்கத்தைப் போக்கின.

1995-ல், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்குத் தாங்கள் காப்புரிமை கொடுத்தீர்கள். நான் மஞ்சள் மண்டி ஊர்க்காரன். செய்தி கேட்டு இங்கே ஒருவரும் அதிசயிக்கவில்லை, சிரித்தார்கள். வெளிநாட்டுப் பாட்டிகளின் அனுபவம் அன்றைய தங்கள் சட்டத்தில் செல்லாது, அச்சில் இருந்தால்தான் செல்லும் என்றீர்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் 1953-ல் வந்த மருத்துவக் கட்டுரையையும் கொண்டுவந்து காட்டிய பிறகு, 1997-ல் ரத்தாயிற்று. எங்கள் பாட்டிக்காக வாதாட ஓர் அரசு நிறுவனம் இருந்தது.

1999-ல், ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் முறையை அமேசானுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். போட்டிப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள், நீதிமன்றத் தடையால் இன்னொரு கிளிக்கைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 2002-ல், ஊஞ்சலில் பக்கவாட்டில் ஆடும் முறைக்கு ஒரு சிறுவன் காப்புரிமை பெற்றான்.

ஆனால் என் தொழிலுக்கு முன்மாதிரி எம்.பி.எச்.ஜே. என்ற நிறுவனம்தான். ஸ்கேன் செய்த தாளை அலுவலக நெட்வொர்க் வழியே நேராக மின்னஞ்சலுக்கு அனுப்புவது சம்பந்தமான காப்புரிமைகளை அது விலைக்கு வாங்கியது. ஸ்கேனர் ஒன்றையும் தயாரிக்கவில்லை. 16,000-க்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்களுக்குக் கடிதம்தான் தயாரித்தது: ஊழியர் ஒருவருக்கு ஏறத்தாழ 1,000 டாலர் கட்டு, இல்லையேல் வழக்கு. கடையில் மெஷின் வாங்கியவர் அதன் பொத்தானை அழுத்தியதுதான் குற்றம். வெர்மான்ட் மாநிலம் 2013-ல் வழக்குப் போட்டது. வழக்காடும் உத்தேசமே இல்லாமல் மிரட்டியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2014-ல் சமரசம், இனிமேல் பொய் சொல்லி மிரட்டக் கூடாது என்று நிபந்தனை. அபராதம் ஒரு டாலர்கூட இல்லை.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் எனக்குப் புரிகிறது. காப்புரிமை செல்லுமா செல்லாதா என்பது முக்கியமே இல்லை. செல்லாது என்று நிரூபிக்க ஆகும் செலவைவிடக் கேட்ட பணம் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வழக்கென்று போனால் வக்கீலுக்கே லட்சக்கணக்கில் டாலர். தங்களிடமே மறுஆய்வு விசாரணை கேட்கலாம் என்றால் அதன் கட்டணம் மட்டும் பல்லாயிரம் டாலர். காப்புரிமை வாங்க வரும் மிகச் சிறியவருக்குப் பெரும்பாலான கட்டணங்களில் 80 சதவீதம் தள்ளுபடி தருகிறீர்கள். தவறாகக் கொடுத்ததைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று அந்த விசாரணைக்கு வருபவருக்குத் தள்ளுபடி கிடையாது.

தங்கள் காப்புரிமை ஈரோட்டில் செல்லாது என்பதை அறிவேன். பாதகமில்லை. ஓட்டுநர் உரிமத்தின் இரு பக்கங்களையும் நகலெடுக்கும் கடைகள் அமெரிக்காவில் இல்லாமலா போகும்? ஆளுக்கு 1,000 டாலர் என்று நான் பேராசைப்பட மாட்டேன், 900 போதும்.

பட்டறையில் பல வருஷம் உழைத்துப் புது மெஷின் செய்தவனுக்குக் காப்புரிமை அவசியம். பெரிய கம்பெனி அதைக் களவாடாமல் இருக்க அவனுக்கு வேறு வேலி இல்லை. அவன் விண்ணப்பமும் என் விண்ணப்பமும் ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதுதான் என் நம்பிக்கை.

மறுப்பதாக இருந்தால், “இது எந்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் தெரிந்ததுதானே” என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். அந்த ஒரு வரியை எழுத வேண்டியது தங்கள் பரிசோதகர். அவர் எழுதாமல் விட்டதற்கு விலை கொடுப்பது கடைக்காரர்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்.